தாங்கியில் மீன் கிடக்கும் நாட்கள்

நிலத்தில் தாங்கி கட்டிக் கடல்மீன் வளர்க்கப்போகிறோம் என்று யாராவது என்னிடம் வந்தால், என்ன மீன், எங்கே விற்பது என்பதையெல்லாம் நான் பிறகுதான் கேட்பேன். கடல் மட்டத்துக்கு மேலே தாங்கியின் தண்ணீர் எத்தனை மீற்றர் உயரத்தில் நிற்கும்? இது முதற்கேள்வி. விற்கும் நிறைக்கு வர அந்த மீன் எத்தனை மாதம் அங்கே கிடக்கவேண்டும்? இது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை வைத்திருக்காமல் தீன் விலை, குஞ்சு விலை, கூலி என்று கொப்பி நிறையக் கணக்குப் போட்டவர்களை நோர்வேயிலும் கண்டிருக்கிறேன், வடமராட்சியிலும் கண்டிருக்கிறேன்.

முதற்கேள்வியை எனக்குச் சொல்லித்தந்தவர் ஐயா. உடுப்பிட்டியில் எங்களுக்கு மிளகாயும் வெங்காயமும் வைக்கும் தோட்டம். துலா மிதித்து இறைத்த காலம் முடிந்து, எல்லாக் கிணற்றடியிலும் மிசின் சத்தம் கேட்கத் தொடங்கியபோது நான் சின்னப் பொடியன். 1970க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராதபடி அரசாங்கம் மறித்து வைத்திருந்த ஆறேழு வருடத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். கல்வீடு கட்டினார்கள், பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தார்கள். 1977 இல் இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது. அந்த வருடம் ஐயா செய்த முதல் வேலை, கிணற்றுத் தொட்டிக்கு மேலே உயரத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்த குழாயின் வாயை அறுத்துத் தொட்டி விளிம்பளவுக்கு இறக்கியது. "விலை எங்கடை கையிலை இல்லைத் தம்பி. இறைப்புச் செலவு மட்டுந்தான் எங்கடை கையிலை கிடக்கு. தேவையில்லாமல் தண்ணியை மேலை தூக்கிப்போட்டு விழுத்துறதுக்கு ஏன் எண்ணெய் எரிக்கவேணும்?" என்றார்.

1986 இல் நோர்வேக்குப் போனேன். எங்கள் ஆட்களுக்கு அந்த வாசல் திறந்ததில் அன்ரனி ராஜேந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1956 இல் மீன்பிடித் தொழிலைக் கற்க அங்கே போன யாழ்ப்பாணத்தவர் அவர். அவரும் நோர்வே நண்பர்களும் சேர்ந்து 1967 இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியதை எங்கள் தலைமுறை அறியும். 83 கலவரத்துக்குப் பிறகு, அந்த நாட்டின் நாட்டார் உயர்பாடசாலைகளுக்கு விண்ணப்பித்து ஏராளமான தமிழ்ப் பொடியள் போனோம். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்த இடம் வடமுனையில் பின்மார்க் மாகாணம். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத கரையோர ஊர்களில், மீன் தொழிற்சாலைப் பட்டியின் இரு பக்கமும் நின்று கொட் மீனை வெட்டிய கைகளில் கணிசமானவை யாழ்ப்பாணத்துக் கைகள்.

1990ஐ ஒட்டி பரன்ட்ஸ் கடலில் கொட் குறைந்து, பிடிக்கும் அளவை அரசாங்கம் கடுமையாக வெட்டியது. தொழிற்சாலைகளில் வேலை சுருங்கியது. பலர் ஒஸ்லோவுக்குப் போனார்கள். நான் மேற்குக் கரைக்குப் போய், அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு ஹலிபட் பண்ணையில் தாங்கி கழுவும் ஆளாகச் சேர்ந்தேன். அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தது.

ஹலிபட் என்பது குளிர்கடலின் மாபெரும் தட்டைமீன். எங்கள் கடலின் எருமைநாக்கைப்போல் இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில், அடிநிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். கடலில் 100 கிலோவைத் தாண்டிய பெண்மீன்கள் உண்டு. வட நோர்வேயில் அது பண்டிகை மேசைக்குரிய மீன். 1980களின் நடுப்பகுதியில்தான் அதை முட்டையிலிருந்து முழுக்குஞ்சு வரை மனிதர் கையால் வளர்க்க முடிந்தது. பெர்கனுக்குத் தெற்கே அவுஸ்தெவொல் தீவுகளில் இருக்கும் அரசாங்கக் கடலாய்வு நிலையம் அதில் முன்னுக்கு நின்றது. சல்மன் வளர்ப்பு கரையோர ஊர்களுக்குப் பணம் கொண்டுவந்துகொண்டிருந்த காலம். அடுத்த சல்மன் இதுதான் என்று வங்கிகளும் முதலாளிமாரும் நம்பிப் பணம் போட்டார்கள். பத்து வருடத்துக்குள் அவர்களில் பெரும்பாலானோர் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் அறிய, மீன் வளராததால் யாரும் மூடவில்லை. வளர்ந்த மீனின் அடக்கவிலை சந்தை விலையைத் தாண்டி நின்றதுதான் காரணம்.

ஹலிபட் விற்பனை நிறைக்கு வர நாலு, ஐந்து வருடம் எடுக்கும். கொரியாவின் ஜேஜு தீவில் வளர்க்கும் தட்டைமீன் ஒரு வருடத்தை ஒட்டி ஒரு கிலோவுக்கு வந்துவிடும். ஸ்பெயினின் கலீசியாக் கரையில் வளர்க்கும் டேர்போட் என்ற தட்டைமீன் இரண்டு, இரண்டரை வருடத்தில் இரண்டு கிலோவுக்கு வரும். எங்கள் மீன் மட்டும் அத்தனை வருடமும் ஒவ்வொரு நாளும் தண்ணீரும் ஒட்சிசனும் ஆள்கூலியும் வங்கி வட்டியும் தின்றுகொண்டே கிடக்கிறது. ஆகவே செலவைக் குறைப்பது என்றால் நாளைக் குறைப்பது. சாமான் விலையைக் குறைத்து நாளைக் கூட்டுகிற எந்த யோசனையும் நட்டத்தில்தான் முடியும். இதை முப்பது வருடம் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நாள் வீணாவது குஞ்சுக்கூடத்திலேயே தொடங்குகிறது. ஹலிபட் தாய்மீன் தொட்டியில் தானாக முட்டையிட்டு நல்ல முட்டை தருவது அரிது. வயிற்றை அமத்தித்தான் எடுக்கவேண்டும். பருவத்தில் மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு தொகுதி முட்டை முற்றும். முற்றிச் சில மணித்தியாலத்துக்குள் எடுக்காவிட்டால் முட்டை பழுதுபடத் தொடங்கும். ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனி ஓட்டம்: ஒன்று 72 மணிக்கு ஒருமுறை, இன்னொன்று 84 மணிக்கு ஒருமுறை. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொப்பி வைத்திருந்தோம். ஒரு தாயின் நேரம் விடியப்புறம் மூன்று மணிக்கு வந்தால் மூன்று மணிக்குத்தான் போகவேண்டும். தாயைப் பஞ்சு மெத்தை விரித்த மேசைக்கு வழுக்கி ஏற்றி, கண்ணை ஈரத் துணியால் மூடி, உள்ளங்கையால் மெல்ல அமத்தினால், மூன்று மில்லிமீற்றர் குறுக்களவுள்ள கண்ணாடி மணிகள் ஜாடிக்குள் சத்தமில்லாமல் வழியும். நல்ல முட்டை தெளிந்து மிதக்கும். பழுதானது பால்போல் வெளுத்து அடியில் தங்கும்.

ஒரு கட்டத்தில் நிர்வாகம் மேலதிக நேரக் கூலியை வெட்டியது. இரவு வேலை நின்றது; முட்டை எடுப்பது காலை எட்டு மணிக்கு மாறியது. ஒரு பருவத்துக்குள் கருக்கட்டும் வீதம் விழுந்தது, பொரித்தவற்றிலும் பலவீனமானவை கூடின. மிச்சம் பிடித்த கூலியைப்போல் பல மடங்கு வெளியிலிருந்து குஞ்சு வாங்குவதில் போனது. அடுத்த பருவம் இரவு வேலையைத் திருப்பித் தந்தார்கள்.

பொரித்த பிறகும் அவசரப்பட இயலாது. 6 பாகை அளவான குளிர்நீரில், உயரமான கூம்புத் தாங்கிகளில், முழு இருட்டில், நாற்பது நாள் அளவு வயிற்று மஞ்சட்கருவை மட்டும் நம்பி மிதக்கும் உயிர்கள் அவை. வெளிச்சம் பட்டால் கெடும், நீரோட்டம் சற்றுக் கூடினால் வாய் கோணும். பிறகு ஆர்ட்டீமியா என்ற நுண் இறால். பிறகுதான் ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வரும் பருவம். அந்தக் காலத்தில் நாங்கள் வளர்த்த குஞ்சுகளில் கண் பாதி வழியில் நின்றவையும் மேற்தோல் வெளுத்தவையும் ஏராளம். உயிரோடு, துடிப்போடு நீந்தும் குஞ்சுகள் அவை. அழிக்க மனம் வராது. ஆனால் அது ஐந்து வருடம் நல்ல மீன் குடிக்கும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு, கடைசியில் பாதி விலைக்குப் போகும். வளர்ப்புத் தாங்கிக்கு ஏற்றுமுன்பே பிரித்து எடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஆர்ட்டீமியாவுக்கு ஊட்டும் கொழுப்பைத் திருத்தி, கடலில் பிடித்த நுண் மிதவையுயிர்களையும் சேர்த்துக் கொடுக்கப் பழகிய பிறகு நல்ல குஞ்சின் பங்கு மெல்ல மெல்ல ஏறியது. தொழில் தப்பியதற்கு வேறு எந்த இயந்திரத்தையும்விட அதுதான் காரணம் என்பது என் எண்ணம். இடையில் 90களில் நோடா வைரசு வந்து குஞ்சுக்கூடங்களைத் துடைத்துப்போட்ட வருடங்களும் உண்டு. மூளையையும் கண்ணையும் தின்னும் நோய்; நேற்று நீந்திய தாங்கி இன்று வெறுமை. தாய்மீனை ஒவ்வொன்றாகச் சோதித்து நோயுள்ளதை ஒதுக்குவதைத் தவிர வழியிருக்கவில்லை.

இனித் தண்ணீர். நொடிக்கு 500 லீற்றர் கடல்நீரை 8 மீற்றர் உயர்த்தும் ஒரு பண்ணையை வைத்துக்கொள்ளுங்கள். பம்பும் மோட்டரும் சேர்ந்து நூற்றுக்கு எழுபது திறனோடு ஓடினாலும் வருடத்துக்கு ஐந்து இலட்சம் யூனிற் மின்சாரம் வேண்டும். ஒரு மீற்றர் குறைந்தால் வருடம் அறுபதாயிரத்துக்கு மேல் யூனிற் மிச்சம். அந்த மிச்சம் நீங்கள் ஒன்றும் செய்யாமலே வருடாவருடம் வந்துகொண்டிருக்கும். இடம் பார்க்கும்போது கரையோரப் பாறையில் அழகான உயரத்தில் கட்டினால் அலை அடிக்காது என்று சொல்லும் பொறியியலாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டவேண்டும்.

பலர் பயப்படும் இன்னொரு விடயம், ஆழத்திலிருந்து நீரெடுப்பது. 80 மீற்றர் ஆழத்திலிருந்து எடுத்தால் 80 மீற்றர் தூக்கும் செலவு என்று நினைக்கிறார்கள். குழாய்க்குள் நீர் கடல் மட்டம் வரை தானாகவே ஏறி நிற்கும். குழாய் உராய்வுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். எங்கள் பண்ணை நின்ற பியோர்ட் என்ற ஒடுங்கிய கடல்நுழைவில் குளிர்காலத்து மேல்நீர் 4 பாகைக்கு இறங்கும்போது ஆழத்தில் 7, 8 பாகை நிற்கும். கோடையில் மேல்நீர் 14, 15க்கு ஏறும். இரண்டு ஆழத்தில் இரண்டு குழாய் போட்டு, பருவத்துக்கேற்ப வால்வைத் திருப்பினோம். ஒரு சதமும் எரிக்காமல் கிடைத்த சூடு அது.

சூட்டின் விலை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். ஒரு கன மீற்றர் கடல்நீரை ஒரு பாகை சூடாக்கும் சக்தியில் அதே நீரை 400 மீற்றர் உயரத்துக்குத் தூக்கலாம். ஒரு தரம் ஓடி வெளியே போகும் தண்ணீரைச் சூடாக்கிப் பெரிய மீன் வளர்ப்பது எந்தச் சந்தை விலைக்கும் கட்டாது. ஜேஜு தீவுக்காரர் எரிமலைப் பாறைக்குள் ஊறி வரும் 16, 17 பாகை உவர்நீரை வருடம் முழுவதும் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள். சீனாவில் லெய் ஜிலின் என்ற விஞ்ஞானி 1992 இல் பிரித்தானியாவிலிருந்து டேர்போட் மீனைக் கொண்டுவந்து, ஷான்டோங் கரையில் ஆழக்கிணற்று உவர்நீரையும் மூடிய கொட்டகையையும் இணைத்து ஒரு பெருந்தொழிலையே உண்டாக்கினார். நோர்வேயின் தெற்கே குவினெஸ்டாலில் உருக்காலை வெளிவிடும் வெந்நீரை வைத்து டேர்போட் வளர்த்தார்கள். இவர்கள் எல்லோரும் சூடு சும்மா கிடைத்த இடத்தைத் தேடிப்போனவர்கள். எங்களிடம் அது இல்லை. ஆகவே குஞ்சுப் பருவத்துக்கு மட்டும் நீரைச் சுற்றி வடித்துத் திரும்பப் பாவிக்கும் தொகுதி கட்டி 12 பாகை வைத்தோம். குஞ்சு சின்னது, தண்ணீரும் சின்ன அளவு, ஆனால் அப்போது கிடைக்கும் வளர்ச்சி பெரியது. பெரிய மீனுக்கு வந்த நீர் வந்தபடி.

குழாய் வாய் விடயத்தில் ஐயாவின் வேலை எனக்கு அங்கே கைகொடுத்தது. எங்கள் தாங்கிகளில் நீர் தண்ணீர்ப் பரப்புக்கு ஒரு மீற்றருக்கு மேலே நின்று கொட்டும்படி கட்டியிருந்தார்கள். பார்க்க அருவிபோல் இருக்கும்; வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். அதை இறக்கினால் கரண்ட் மிச்சம் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கேள்வி கேட்டுத்தான் ஒப்புக்கொள்வார். முதலில் ஒரு தாங்கியில் மட்டும் குழாயை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தோம். ஒரு கிழமையில் சில மீன்களின் செட்டை ஓரத்தில், கண்ணாடித் தாளுக்குள் காற்று அகப்பட்டதுபோல் சிறு கொப்புளங்கள் தெரிந்தன. ஆழத்து நீர் மேலே வந்து சற்றுச் சூடேறும்போது அதற்குள் நைதரசன் மிதமிஞ்சி நிற்கும். அந்த அருவி, கொட்டும்போது அதை வெளியேற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆக, பண்ணைக்கு நீர் நுழையும் ஒரே இடத்தில், முழங்கால் உயர விழுச்சியுள்ள ஓட்டைத் தட்டுப் பெட்டி ஒன்றைக் கட்டிக் காற்றூதி வைத்தோம். நைதரசன் அங்கேயே போனது. பிறகு எல்லாத் தாங்கிக் குழாய்களையும் இறக்கினோம். பம்பின் வேகத்தைக் குறைக்கும் கருவியும் அப்போதுதான் பூட்டினோம். அதை விற்கிறவர்கள் வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டிலொன்று என்பார்கள். உராய்வை எதிர்த்து மட்டும் ஓடும் பம்புக்கு அது சரி. உயரத்துக்குத் தூக்கும் பம்பைப் பாதி வேகத்தில் விட்டால் தண்ணீரே மேலே வராது. எங்கள் பம்புக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேகம் குறைக்க இயலவில்லை. ஆனாலும் அது பெறுமதியான பத்து.

ஒட்சிசன் வந்தது தொழிலின் முகத்தை மாற்றிய விடயம். ஒரு கிலோ தீன் தின்ற மீனுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ ஒட்சிசன் வேண்டும். முன்பு அதற்காகவே தண்ணீரை ஓட விட்டோம். திரவ ஒட்சிசன் தாங்கி வந்ததும் அதே மீனுக்கு மிகக் குறைந்த நீர் போதும் என்றானது. அப்போது சிலர் நீரை மேலும் மேலும் வெட்டினார்கள். ஒட்சிசன் மானி நல்ல எண் காட்டிக்கொண்டிருக்கும். மீனோ தீனை விட்டு ஒதுங்கும். மூச்சில் விட்ட காபனீரொட்சைட்டு வெளியேற வழியில்லாமல் சேர்ந்திருக்கும். மீன் சாகாது, வளராது. சாகாமல் வளராமல் கிடக்கும் மீன்தான் பண்ணையின் மிகப் பெரிய செலவு. செத்தால் அன்றோடு கணக்கு முடியும்.

தட்டைமீனுக்குத் தாங்கியின் ஆழம் பெரிதில்லை, தரைதான் பெரிது. ஆழமான வட்டத் தாங்கியில் தண்ணீரின் பெரும்பகுதி சும்மா சுழலும்; மீன் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆழம் குறைந்த நீளத் தாங்கிகளுக்கு மாறி, உள்ளே தட்டுகள் பூட்டினோம். அதே கூரைக்குக் கீழ், அதே நீரில், மீன் படுக்க இரண்டு மடங்கு இடம். ஆனால் தட்டுக்குக் கீழே அழுக்குத் தங்காமல் நீரோட்டம் செல்லவேண்டும், செத்த மீன் மறைந்து கிடக்கக்கூடாது. இவை வரைபடத்தில் தெரியாது. கழுவும் ஆளிடம் கேட்டால் சொல்வான்.

தீனில் நான் கற்றது அதிகம். 1997, 98 இல் எல் நினோ வந்து பெரு நாட்டின் நெத்தலி மீன்பிடி படுத்தபோது மீன்தூள் விலை ஏறியது. தீன் விலையும் ஏறியது. ஹலிபட் தீனுக்குப் புரதம் கூட வேண்டும், சல்மன் தீன் மலிவு, கொழுப்புக் கூடியது. சில பண்ணைகள் சல்மன் தீனுக்கு மாறின. மீன் தின்றது. ஈரல் பருத்தது, சதை நிறை ஏறவில்லை. விற்கும் நாள் பல மாதம் தள்ளிப்போனது. கிலோவுக்கு மிச்சம் பிடித்த குரோணர் எல்லாம் அந்த மாதங்களின் தண்ணீரோடு கடலுக்குப் போனது. நல்ல தீனில் ஒரு கிலோ மீனுக்கு 1.1 முதல் 1.3 கிலோ வரை போதும். அந்த எண்ணைப் பிடித்து வைத்திருப்பது தீனூட்டுகிறவனின் கண். பசித்த ஹலிபட் தரையிலிருந்து எழும்பி, செட்டையை அலைபோல் அசைத்து மேலே வந்து கௌவும். வயிறு நிறைந்தது, தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுக்கும். முதல் மீன் படுத்ததும் கையை நிறுத்தத் தெரியவேண்டும். தானியங்கி வந்த பிறகும், நாளில் ஒரு வேளையாவது கையால் போடும் வழக்கத்தை நான் விடவில்லை. பிந்திப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பொடியளுக்கும் அதைத்தான் முதலில் பழக்கினேன்.

ஆண்மீன் பிரச்சினை எங்களைப் பல வருடம் வாட்டியது. ஆண் இரண்டு கிலோவை ஒட்டியதும் பருவமடைந்து வளர்ச்சியைக் கைவிடும். பெண் அதைத் தாண்டிக் கொழுத்து வளரும். சந்தை கேட்பது ஐந்து கிலோ மீனை. அதாவது தாங்கியில் கிடப்பதில் பாதி, வாடகை கொடாத குடியிருப்பாளர். கனடாவிலும் பிறகு நோர்வேயிலும் இதற்கு வழி கண்டார்கள். பெண் குஞ்சுகள் சிலவற்றுக்குச் சிறு வயதில் ஹோர்மோன் தீன் கொடுத்து ஆணாக மாற்றி, அவற்றின் விந்தால் கருக்கட்டினால் பிறப்பதெல்லாம் பெண். சந்தைக்குப் போகும் மீனுக்கு ஹோர்மோன் கிடையாது. அதன் தகப்பனுக்கு மட்டுந்தான். பெண் குஞ்சுகள் மட்டும் நிறைந்த முதல் தாங்கியை நாங்கள் தரம் பிரித்தபோது எல்லாம் ஒரே அளவாக எழும்பி வந்ததைப் பார்த்துக் கண் நிறைந்தது. என் காலத்தில் அடக்கவிலையை இவ்வளவு வெட்டிய இன்னொன்று இல்லை.

மருந்தால் செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணம் எங்கும் உண்டு. நெருக்கமாக விட்டு, நோய் வந்தால் மருந்தைக் கொட்டுவது. 2006 நவம்பரில் ஷங்காய் நகரில் விற்ற டேர்போட் மீனில் தடைசெய்த மருந்துகள் அகப்பட்டன. விற்பனை நின்றது, ஷான்டோங் கரையில் மருந்தே பாவிக்காதவனின் மீனும் தாங்கியிலேயே கிடந்தது. நோர்வேயில் சல்மனுக்குத் தடுப்பூசி வந்து மருந்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தது. நாங்களும் ஒவ்வொரு குஞ்சையும் கையில் பிடித்து ஊசி போட்டோம். மிகச் சலிப்பான வேலை, மிக நல்ல முதலீடு.

2021 கடைசியில் தென் நோர்வேயில் மின்சார விலை கண்டபடி ஏறியது. அப்போதுதான் பல முதலாளிமார் பம்பு அறைக்குள் முதல்முறை காலடி வைத்தார்கள். நாங்கள் ஏற்கெனவே குழாய்களை இறக்கி, உராய்வைக் குறைத்து வைத்திருந்ததால் மூச்சு விட முடிந்தது.

ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் வரும். மருமக்கள், அவர்களின் சிநேகிதர், கனடாவிலிருந்து பணம் அனுப்பத் தயாராயிருக்கும் உறவினர். "மாமா, உடுப்பிட்டியிலை காணி கிடக்குது. வல்வெட்டித்துறைக் கடல் பக்கத்திலை. தண்ணியைக் குழாயாலை கொண்டுவந்து தாங்கி கட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். கட்டக்கூடாது என்று நேரே சொல்வேன். எங்கள் ஊரின் அடிநிலம் சுண்ணக்கல். ஓட்டையும் பிளவுமாக இருக்கும். அதற்குள் மழைநீர் ஒரு படலமாகக் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்தப் படலத்திலிருந்துதான் குடிக்கின்றன. உப்புநீர்த் தாங்கி ஒன்று வெடித்துக் கசிந்தால், கழிவு வாய்க்கால் ஒன்று நிலத்துக்குள் இறங்கினால், சுற்றிலும் உள்ள வெங்காயத் தோட்டங்கள் போகும். புத்தளம், சிலாபம் பக்கம் 90களில் வெள்ளைப்புள்ளி நோயால் இறால் தொழில் விழுந்த பிறகு கைவிடப்பட்ட குளங்களைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பியும் இருக்கிறேன். அதோடு 2022 இல் ஒருநாளில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாடு இது. நெருக்கமாக மீன் விட்ட தாங்கியில் பம்பு நின்றால், இந்தச் சூட்டு நீரில் மீனுக்கு இருப்பது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. குளிர்நீரைவிடச் சூட்டுநீர் பிடித்து வைக்கும் ஒட்சிசனும் குறைவு, மீன் கேட்பதோ அதிகம்.

ஆனால் எங்கள் கரைக்கு நோர்வேக்கு இல்லாத இரண்டு வாய்ப்புகள் உண்டு. கரை தட்டை, வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கடலோரத்திலேயே கட்டினால் நீரைத் தூக்கும் உயரம் மிகச் சின்னது. இரண்டாவது சூடு. வருடம் முழுவதும் சூடாக நிற்கும் கடலுக்கு நாங்கள் ஒரு சதமும் கட்டுவதில்லை. அந்தச் சூட்டில் ஹலிபட் வாழாது. எருமைநாக்குக்குக் குஞ்சுக்கூடம் கிடையாது. வளரக்கூடியது கொடுவா. திருகோணமலைக் கடலில் கூண்டுகளில் அதை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நீருயிரின வளர்ப்பைக் கவனிக்க 1999 இல் தொடங்கிய நக்டா அதிகாரசபையின் அனுமதியும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் எதையும் தொடங்கவேண்டாம் என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டம் இதுதான். உடுப்பிட்டிக் காணியில் வெங்காயம் இருக்கட்டும். கடலோரத்தில், கிணறுகளுக்குத் தள்ளி, சீமெந்துத் தரையின்மேல் நாலைந்து பிளாஸ்ரிக் தாங்கி. நகக்கண் அளவில் வாங்கும் கொடுவாக் குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்த்து, கூண்டு வைத்திருக்கிறவர்களுக்கு விற்பது. அந்தப் பருவத்தில் மீன் தாங்கியில் கிடப்பது சில கிழமைதான். ஒரு மீனுக்குச் செலவாகும் தண்ணீர் அற்பம், கூடும் பெறுமதி பெரிது. மூன்று நாளுக்கு ஒருமுறையாவது அளவு பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் பெரியது சின்னதை விழுங்கும். சூரியத் தகடும் மின்கலமும் ஓடவைக்கக்கூடிய அளவுக்குமேல் ஒரு காற்றூதியும் பூட்டக்கூடாது. முதலில் ஒரு வருடம், மாரியும் கோடையும் சேர்த்து, தொண்டைமானாற்று வாயிலும் கரையிலும் உப்பும் சூடும் அளந்து எழுதவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அந்த நீரின் உப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்த பிறகுதான் தாங்கிக்குப் பணம். மூத்த மருமகன் ஒரு உப்புமானி வாங்கி, கொப்பி போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறான். கார்த்திகைப் பக்கங்களை எனக்குப் படமெடுத்து அனுப்பினான். ஆற்று வாயில் எடுத்த எண் கரையில் எடுத்ததன் பாதிகூட இல்லை. குழாயைக் கரைப்பக்கம் போடச் சொல்லியிருக்கிறேன்.